ஊறுகாய்ப் புட்டிக்கு எந்தத் தமிழ் எழுத்து? முனை உருண்ட தடித்த எழுத்துருக்கள்: ஓர் ஒப்பீடு

மொரீஷியசின் ரோஸ் ஹில்லில் வீட்டளவில் ஊறுகாய் போட்டுச் சந்தையில் விற்றுவந்த ஒரு குடும்பம் இப்போது கடைகளுக்கும் சரக்குப் போடத் தொடங்கியிருக்கிறது. புட்டியில் ஒட்டும் லேபிள், கடை முகப்பில் மாட்டும் பலகை, தைப்பூசக் காவடியன்று கோவில் பக்கத்தில் போடும் பந்தலுக்கான துணிப் பதாகை ஆகிய மூன்றுக்கும் ஒரே முகம் வேண்டும் என்று கேட்டார்கள். சரக்கின் பெயர் தமிழிலும் இலத்தீன் எழுத்திலும் வரவேண்டும். எழுத்து தடித்ததாக, முனைகள் உருண்டதாக, வீட்டுச் சமையலின் நெருக்கம் தெரிவதாக இருக்க வேண்டும். இந்தக் கோரிக்கைக்குப் பொருந்தக்கூடிய எழுத்துருக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதை எந்தக் காரணத்துக்காகக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்று எழுதுவதே இந்தக் கட்டுரையின் வேலை. முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பலூ தம்பி 2 என்ற எழுத்துருவைத்தான் பரிந்துரைத்தேன், ஆனால் சரக்கின் பெயருக்கு அதை உள்ளது உள்ளபடி வைக்கச் சொல்லவில்லை.

எழுத்துருவைப் பார்ப்பதற்கு முன்னால், அதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்பதைப் பார்த்தாக வேண்டும். இந்தத் தீவில் வீட்டிலும் தெருவிலும் பேச்சு கிரியோலில் நடக்கிறது. நாளிதழ் பெரும்பாலும் பிரெஞ்சில் வருகிறது. அலுவலகக் காகிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்தோடு பலருக்கும் உள்ள உறவு கோவிலிலும் பள்ளிக்கூடத்திலும் ஏற்பட்டது. தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாகத் தமிழ் எடுத்து, மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் தயாரித்த பாடநூலில் எழுத்தைக் கற்றவர்கள், நாற்பது வயதிலும் ஒரு பலகையைப் பார்த்தால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். மதுரையில் ஒருவர் ‘ஊறுகாய்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை. சொல்லின் மொத்த உருவத்தையும் ஒரே பார்வையில் எடுத்துக்கொள்வதால், ஓர் எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அவருக்குத் தடை இல்லை. இங்குள்ள வாசகருக்கோ பாடநூலில் பார்த்த வடிவம் ஒன்றுதான் பிடிமானம். அந்த வடிவத்திலிருந்து எழுத்து விலகினால், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உள்ள பிரெஞ்சுச் சொல்லுக்குக் கண்ணை நகர்த்திவிடுவார். ஆகவே, தமிழகத்தில் ஒரு விளம்பர நிறுவனம் வைத்துக்கொள்ளும் அளவுகோலை இங்கே அப்படியே வைக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. தமிழும் இலத்தீனும் ஒரே பரப்பில் வரும்போது, எது மேலே, எது பெரிது என்பது இந்த நாட்டில் சிறிய விஷயம் அல்ல. 1998 இல் வெளியான ரூபாய் நோட்டுகளில் தமிழ் வரி இந்திக்குக் கீழே போனதால் கிளம்பிய எதிர்ப்பு, அந்த நோட்டுகளையே திரும்பப் பெறும் அளவுக்குப் போனது; 1999 ஆம் ஆண்டு நோட்டுகளில் தமிழ் பழைய இடத்துக்குத் திரும்பியது. ஊறுகாய் லேபிளுக்காக எவரும் ஊர்வலம் போகப்போவதில்லை. ஆனாலும் தமிழ் மெலிந்து ஓரத்தில் நிற்க, இலத்தீன் எழுத்து கொழுத்து நடுவில் நிற்கும் ஒரு லேபிளை இங்குள்ள தமிழர் உடனே கவனிப்பார். அதனால் இரண்டு எழுத்துமுறைகளும் ஒரே தடிமனில், ஒரே கையால் வரைந்தவைபோலத் தெரிய வேண்டும் என்பதை இரண்டாவது நிபந்தனையாக வைத்துக்கொண்டேன்.

முனை உருண்ட எழுத்தைக் கேட்பதற்கு அழகைத் தவிர வேறு காரணமும் இருக்கிறதா? இருக்கிறது. இவ்வகையில் உலகம் அதிகம் பார்த்த எழுத்துருக்களில் ஒன்றான வி.ஏ.ஜி. ரவுண்டெட் 1979 இல் உருவானது. வோக்ஸ்வேகனும் அவுடியும் ஒரே விற்பனைக் கட்டமைப்பின் கீழ் வந்தபோது, இரண்டுக்கும் பொதுவான முகமாக அது வரையப்பட்டது. பிற்காலத்தில் ஆப்பிள் மடிக்கணினிகளின் விசைகளிலும் பல ஆண்டுகள் அந்த எழுத்துதான் இருந்தது. கோட்டின் முனை அரைவட்டமாக முடிந்தால், மை சற்றுப் பரவினாலும் வடிவம் கெட்டதாகத் தெரியாது. கூரான மூலையிலோ பரவல் உடனே அசிங்கமாகத் தெரியும். வினைலில் வெட்டி ஒட்டும் எழுத்திலும் முதலில் உரிந்து எழும்புவது கூர்மூலைதான். கடல் காற்றும் ஈரமும் உள்ள தீவில் கடைப் பலகை வைப்பவருக்கு இது வெறும் ரசனைக் கணக்கு அல்ல. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உருண்ட முனை, சமமாக வெட்டிய முனையைவிடக் குட்டையாகத் தெரியும். ஆகவே நல்ல வடிவமைப்பாளர் அந்தக் கோடுகளைச் சிறிது நீட்டி வரைவார். சாதாரண எழுத்துருவை எடுத்து, வரைகலை மென்பொருளில் மூலைகளை மழுக்கி ‘ரவுண்டெட்’ என்று வைப்பவர்களின் வேலை நொண்டியடிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

தமிழுக்கு வந்தால் கதை மாறுகிறது. இலத்தீன் எழுத்தில் நேர்கோடுகள் அதிகம் என்பதால், முனையை உருட்டினால் எழுத்தின் குணமே மாறிவிடும். தமிழ் எழுத்து ஏற்கெனவே வளைந்தது. அதில் முனைகள் குறைவு, சுழிகள் அதிகம். தடித்த தமிழ் எழுத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பது முனை அல்ல, சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம். எழுத்துரு விற்பவர்கள் காட்டும் மாதிரிகளில் ‘அம்மா’, ‘தமிழ்’, ‘வணக்கம்’ போன்ற சொற்கள்தான் பெரும்பாலும் வருகின்றன. அவை எந்த எழுத்துருவிலும் ஓரளவு நன்றாகவே இருக்கும். நான் சோதித்தது ஊறுகாய்க்காரருக்கு உண்மையில் தேவைப்படும் இரண்டு சொற்களை: ‘எலுமிச்சை’, ‘காரம்’.

‘காரம்’ சொல்லில் துணைக்காலுக்குப் பக்கத்திலேயே ‘ர’ வந்து நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ‘ர’வின் அடியில் சாய்வாக இறங்கும் அந்தச் சின்னக் கால் மட்டுமே. கோடு தடித்து முனையும் உருண்டால், அந்தக் கால் ஒரு மொட்டையான புடைப்பாகச் சுருங்கிவிடும். வடிவமைப்பாளர் வரியின் அடிமட்டத்தைச் சுத்தமாக வைக்க ஆசைப்பட்டு அதை மேலும் குறுக்கினால், பள்ளித் தமிழோடு நிற்கும் வாசகர் இரண்டு துணைக்கால்களைப் பார்ப்பார். ‘எ’, ‘ஏ’ வேறுபாட்டுக்கும் இதே ஆபத்து உண்டு, அங்கேயும் ஒரு சாய்கோடுதான் நெடிலைக் காட்டுகிறது.

‘எலுமிச்சை’ இன்னும் கடுமையான சோதனை. ‘மி’யின் மேல்விலங்கு வலப்பக்கமாக வளைந்து இறங்குகிறது, அடுத்து உடனே ‘ச்’ தலையில் புள்ளி. தடித்த எழுத்தைப் பெயர்ப்பலகைக்கு நெருக்கி வைப்பது வழக்கம். அப்படி நெருக்கினால் விலங்கின் நுனியும் புள்ளியும் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியபின் அது புள்ளியா, விலங்கின் குமிழா என்று தெரியாது. அதைத் தாண்டினால் ‘சை’யின் முன்னால் இணைக்கொம்பு நிற்கிறது. அதன் சுழிகளுக்குள் உள்ள இடம், எழுத்து சிறியதானால் அச்சில் முதலில் அடைபடும். ‘ண’வும் ‘ஞ’வும் இதே சிக்கலைத் தருபவைதான், நல்லவேளையாக இந்தக் குடும்பத்தின் சரக்குப் பட்டியலில் ‘இஞ்சி’யைத் தவிர அவற்றுக்கு அதிக வேலை இல்லை.

இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டுதான் எழுத்துருக்களைப் பார்த்தேன்.

முதலில் காய்னி. பிரேசிலைச் சேர்ந்த மார்செலோ மகல்யாயிஸ் உருவாக்கிய, தமிழையும் இலத்தீனையும் ஒருசேரக் கொண்ட, தடித்த உருண்டை எழுத்துரு இது. கேட்ட குணத்தை அப்படியே தருவது எது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்: கொழுகொழுவென்ற கோடு, கூர்மை எங்கும் இல்லாத முகம், குழந்தைகளுக்கான தின்பண்டப் பொட்டலத்தில் வைத்தால் வேறு எதுவுமே தேவைப்படாது. குடும்பத்தில் இளையவர்களுக்கு முதல் பார்வையிலேயே பிடித்துப்போனதும் இதுதான். ஆனால் காய்னிக்கு ஒரே தடிமன்தான் உண்டு. லேபிளில் பெயர் மட்டும் இருப்பதில்லை. ‘எண்ணெயில் ஊறியது’, ‘காரம் மிதம்’, சேர்மானப் பட்டியல், நிகர எடை என்று நாலைந்து வரிகள் சிறிய அளவில் வந்தே தீரும். அவற்றைக் காய்னியில் வைக்க முடியாது. வைத்தால் சுழிகள் எல்லாம் கறுப்புப் பொட்டுகளாகிவிடும். அப்போது அந்த வரிகளுக்கு இன்னோர் எழுத்துருவைத் தேட வேண்டும், அதன் குணம் காய்னியோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே ஒரு சொல்லுக்கான லோகோவாக இருந்தால் காய்னியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்று பரப்புகளில், பல அளவுகளில் வாழ வேண்டிய ஓர் அடையாளத்துக்கு ஒற்றைத் தடிமன் போதாது.

அரிமா வேறு மனநிலை கொண்டது. போர்ச்சுகலைச் சேர்ந்த நட்டானியல் காமாவும் ஜோவானா கொரேயாவும் வடிவமைத்த இது, முதலில் அரிமா மதுரை என்ற பெயரில் தமிழுக்கும் இலத்தீனுக்குமாக வந்தது. முனைகள் மென்மையானவை, ஆனால் கோட்டில் பேனா பிடித்து எழுதிய கையின் ஏற்ற இறக்கம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கும், நகைக்கடையின் பெயருக்கும், யோகா நிலையத்துக்கும் இதைவிடப் பொருத்தமான இலவச எழுத்துரு தமிழில் சுலபமாகக் கிடைக்காது. ஊறுகாய்க்கு? அது பேசும் குரல் தாழ்ந்தது. அலமாரியில் பத்துப் புட்டிகளுக்கு நடுவே நிற்க வேண்டிய பொருளுக்கு அந்தக் குரல் எட்டாது என்பது என் கருத்து. தடித்த வகையை எடுத்தாலும், கோட்டில் உள்ள மெல்லிய பகுதிகள் சிவப்புப் பின்னணியில் வெள்ளையாக வரும்போது இன்னும் மெலியும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. எனவே விட்டுவிட்டேன்.

கேட்டமரான், அனேக் தமிழ் இரண்டையும் சிலர் சொன்னார்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான் ஒன்பது தடிமன்களில் கிடைக்கும் உறுதியான எழுத்துரு. எக் டைப் நிறுவனத்தின் அனேக் தமிழில் தடிமனோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். நீண்ட தமிழ்ச் சொல்லைக் குறுகிய லேபிளில் அடக்கத் திண்டாடியவருக்கு, எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காமல், வடிவமைப்பாளரே வரைந்துவைத்த குறுகிய வடிவத்தைப் பயன்படுத்த முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும். இரண்டுமே நல்லவை, ஆனால் இரண்டுமே முனை உருண்டவை அல்ல. கேட்டது ஒன்று, கொடுப்பது ஒன்று என்றாகும். அதனால் இங்கே அவற்றுக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை.

இலத்தீனுக்கு ஒன்று, தமிழுக்கு வேறொன்று என்று இணைத்தால் என்ன என்ற யோசனையும் வந்தது. இலத்தீன் பக்கம் பார்த்தால் உருண்டை முனை எழுத்துருக்களுக்குப் பஞ்சமே இல்லை: நுனிட்டோ, ஃபிரெடோகா, வரேலா ரவுண்ட் என்று இலவசமாகவே பல கிடைக்கின்றன. வெர்னன் ஆடம்ஸ் தொடங்கிய நுனிட்டோவில் மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்ததுவரை நீண்ட வரிசை இருக்கிறது. ஆனால் தமிழ் இல்லை. ஃபிரெடோகாவின் குண்டு முகத்துக்குப் பக்கத்தில் நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த வகையை வைத்துப் பார்த்தால் சங்கடம் கண்ணில் படும். ஒன்று சிரித்துக்கொண்டு நிற்க, மற்றது அரசாங்க அறிவிப்பு வாசிப்பதுபோல இருக்கும். கோட்டின் தடிமனைச் சமப்படுத்த ஒன்றின் அளவைக் கூட்டினால், உயரம் ஒத்துவராது. இந்த நாட்டில் தமிழ் வரும் லேபிள்களில் பல இப்படிப்பட்டவைதான், அவற்றில் தமிழ்தான் எப்போதும் பின்னால் சேர்த்த துணுக்காகத் தெரிகிறது. மேலே சொன்ன இரண்டாவது நிபந்தனைக்கு இது நேர் எதிர்.

இனி பலூ தம்பி 2. எக் டைப் நிறுவனத்தின் பலூ என்பது இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்குமாகச் சேர்த்து வரைந்த ஒரு குடும்பம். அதில் தமிழ் உறுப்பினர் பலூ தம்பி. முதலில் ஒரே ஒரு கனத்த வகையாக மட்டும் வந்தது. இரண்டாம் பதிப்பில்தான் தடிமன் எண் 400 முதல் 800 வரை, ரெகுலர், மீடியம், செமிபோல்ட், போல்ட், எக்ஸ்ட்ராபோல்ட் என ஐந்து தடிமன்கள் வந்தன. அந்த ஐந்துதான் என் முடிவைத் தீர்மானித்தன.

ஒரே தோற்றம் மூன்று பரப்புகளிலும் வேண்டுமென்றால், மூன்று பரப்புகளிலும் ஒரே தடிமனைப் பயன்படுத்தக் கூடாது என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றும். நடப்பது என்னவென்றால், சிவப்பு மையை முழுப் பரப்பிலும் பூசி அதற்குள் எழுத்தை வெள்ளையாக விட்டால், மை உள்நோக்கிப் பரவி எழுத்தை மெலியவைக்கும். வெள்ளைத் தாளில் கறுப்பாக அச்சிட்டால், மை வெளிநோக்கிப் பரவி எழுத்தைப் பருக்கவைக்கும். உள்ளே விளக்கு வைத்த பலகையிலோ, அச்சே சம்பந்தப்படாமல் ஒளியின் கசிவாலேயே வெள்ளை எழுத்து இரவில் ஒரு சுற்று தடித்துத் தெரியும், சுழிகள் ஒளியில் மூழ்கும். ஆகவே லேபிளின் சிவப்புப் பட்டையில் வெள்ளையாக வரும் வரிகளுக்கு எக்ஸ்ட்ராபோல்ட், வெள்ளைப் பகுதியில் கறுப்பாக வரும் துணைத் தலைப்புக்குப் போல்ட், விளக்குப் பலகைக்குச் செமிபோல்ட், சேர்மானப் பட்டியலுக்கு ரெகுலர் அல்லது மீடியம் என்று பிரித்தால், நான்கும் பார்ப்பவருக்கு ஒன்றாகவே தெரியும். காய்னியில் இந்தச் சரிக்கட்டலுக்கு வழியே இல்லை.

பலூவின் உருண்டை, வி.ஏ.ஜி. ரவுண்டெட்டைப் போலக் கணிதச் சுத்தமான அரைவட்டம் அல்ல; மூலைகள் தேய்ந்து மென்மையானதுபோன்ற உருண்டை. காம்பஸ் வைத்து வரைந்த முழு வட்ட முனையை எதிர்பார்ப்பவருக்கு இது குறையாகப் படலாம். எனக்கு இது நன்மையாகத்தான் தெரிகிறது, ஏனென்றால் தமிழில் ‘ர’வின் காலும் ‘ஏ’வின் சாய்கோடும் குட்டையான உறுப்புகள், முழு அரைவட்டம் அவற்றின் நீளத்தைத் தின்றுவிடும், தேய்ந்த மூலை அவ்வளவு தின்னாது. தமிழ் வடிவங்களும் பாடநூல் வடிவத்தை விட்டு அதிகம் விலகவில்லை. இலத்தீன் பக்கத்தில் பிரெஞ்சுக்கு வேண்டிய உச்சரிப்புக் குறிகள் எல்லாம் இருக்கின்றன. பிரெஞ்சில் சேர்மானப் பட்டியல் எழுதப்போகும் நாட்டில் அது ஒரு கட்டாயத் தேவை. 

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துரு தானாகத் தரும் வரி இடைவெளி தாராளமானது. லேபிளில் இரண்டு வரிகளை நெருக்கமாக வைக்க விரும்பினால் கையால் குறைக்க வேண்டும், குறைக்கும்போது மேல்வரியின் ‘று’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் வால் கீழ்வரியின் விலங்கையோ புள்ளியையோ தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, இதன் பிரபலம். இலவசமாகக் கிடைப்பதாலும் நன்றாக இருப்பதாலும், பலூ இந்தியா முழுவதும் பால் பாக்கெட், பள்ளி விளம்பரம், கைபேசிச் செயலி என்று எங்கும் இருக்கிறது. தனித்துவம் வேண்டும் என்று கேட்கும் ஒரு சரக்குக்கு, ஊரெல்லாம் பார்த்த முகத்தைக் கொடுப்பது நியாயமா? மொரீஷியசில் தமிழில் அச்சான பொட்டலங்கள் குறைவு என்பதால் இங்கே இந்த ஆட்சேபம் பாதியளவு வலுவிழக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் பெயரை மட்டும் திருத்தி வரையச் சொன்னேன்.

திருத்தி வரைவதைப் பற்றிச் சொல்வதற்கு முன், முழுக்க முழுக்கக் கையால் வரைந்து வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் பணம் இருந்தால் அதுதான் முதல் இடத்துக்கு உரியது. தமிழில் தடித்த உருண்டை எழுத்துக்கு எழுத்துருக்களைவிட மூத்த மரபு ஒன்று இருக்கிறது. தமிழகத்தின் சுவர் விளம்பரங்களையும், தேர்தல் சுவரெழுத்துகளையும், பழைய திரைப்படத் தலைப்புகளையும் எழுதியவர்கள், பட்டைத் தூரிகையாலும் உருண்டைத் தூரிகையாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்கென்றே ஓர் உருவம் கொடுத்தார்கள். ‘எலுமிச்சை’யில் விலங்கும் புள்ளியும் மோதினால், அந்தக் கலைஞர் விலங்கைத் தூக்கி, புள்ளியை அதன் வளைவுக்குள் உட்காரவைத்துவிடுவார், எழுத்துருவால் அந்த முடிவை எடுக்க முடியாது. 1978 இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘ணை’, ‘றா’ போன்ற வடிவங்களை, தாத்தா காலத்துப் பெயர்ப்பலகையில் இருந்தபடியே வைக்க வேண்டும் என்று ஒரு குடும்பம் விரும்பினாலும், இந்த ஒப்பீட்டில் உள்ள எழுத்துருக்களை வைத்து அதைச் செய்ய முடியாது. வரைந்துதான் ஆக வேண்டும். ஆனால் வரைந்த பெயர் ஒரு சொல்லுக்கு மட்டுமே உதவும். நாளை பூண்டு ஊறுகாய் என்று புதுச் சரக்கு வந்தால், மறுபடியும் கலைஞரிடம் போக வேண்டும். ஆண்டுக்கு நாலைந்து சரக்குச் சேர்க்க நினைக்கும் ஒரு சின்னத் தொழிலுக்கு அந்தச் சார்பு பாரமாகிவிடும்.

ஆகவே இடைவழி. குடும்பப் பெயராக அமையும் அந்த ஒரு சொல்லை பலூ தம்பி 2 எக்ஸ்ட்ராபோல்டில் அடித்து, கோட்டுருவமாக (எழுத்தாக அல்லாமல் வெறும் வரைந்த வடிவமாக) மாற்றி, தேவையான இடங்களில் மட்டும் கையால் திருத்துவது. ‘ர’வின் காலை நீட்டுவது, இணைக்கொம்பின் சுழிகளை உள்ளிருந்து சிறிது அகலப்படுத்துவது, புள்ளிகளை ஒரே உயரத்தில் நிறுத்தி விலங்கிலிருந்து விலக்குவது ஆகியவை ஓர் அனுபவசாலிக்கு அரைநாள் வேலைக்கு மேல் ஆகாது. இதற்கு உரிமைச் சிக்கலும் இல்லை. பலூ உட்பட, மேலே வந்தவற்றில் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்கள் எஸ்.ஐ.எல். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற உரிமத்தின்கீழ் வருகின்றன. அதன்படி வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், உருவத்தை மாற்றி லோகோ செய்யலாம், எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்பதுதான் கூடாது. கோப்பையே மாற்றி வேறொருவருக்குக் கொடுப்பதென்றால் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும். மூல எழுத்துருவுக்கென்று ஒதுக்கிய பெயர் இருந்தால் அதையும் பயன்படுத்த முடியாது. லேபிள் அச்சிடுபவருக்கு அந்த நிலை வராது.

எழுத்துரு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அச்சகத்தில் கெட்டுப்போகும் வழி ஒன்று இந்தத் தீவில் திறந்தே கிடக்கிறது. இங்குள்ள அச்சகங்களில் கணினி முன் உட்காருபவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. யுனிகோட் முறையில் ‘சை’ என்பது முதலில் ‘ச’, பிறகு ஐகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் குறியை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. இந்திய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காத வரைகலை மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தால், இணைக்கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ மூன்று துண்டாகும். ஒருமுறை கோவில் விழாவுக்கான பதாகை ஒன்று இப்படி உடைந்த எழுத்துகளோடு அச்சாகி வந்ததைப் பார்த்தேன். அச்சிட்டவரைக் குறை சொல்வதற்கில்லை, அவர் கண்ணுக்கு அது சரியாகத்தான் இருந்திருக்கும். எனவே எழுத்தாக அல்லாமல், கோட்டுருவமாக மாற்றிய பி.டி.எஃப். கோப்பாக மட்டுமே கொடுங்கள். கூடவே, எப்படி வர வேண்டும் என்று காட்டும் ஒரு படத்தையும் இணைத்துவிடுங்கள்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலூ எக்ஸ்ட்ராபோல்டில் தமிழை 14 பாயிண்டுக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம் என்பது என் கைக்கணக்கு. அதற்குக் கீழே போக வேண்டிய வரி எதுவாக இருந்தாலும் தடிமனைக் குறையுங்கள். தடிமனை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் சுருக்கினால் முதலில் போவது ‘இஞ்சி’யின் ‘ஞ்’. தமிழையும் இலத்தீனையும் ஒரே பாயிண்ட் அளவில் வைத்துவிட்டுச் சமமாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். பெயர் முழுவதும் பெரிய எழுத்துகளில் வந்தால் இலத்தீன் உயர்ந்து நிற்கும், தமிழைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். சொல் நீளத்திலும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. அகலத்தைச் சமப்படுத்த முயலாமல், கோட்டின் தடிமனைச் சமப்படுத்துவதே சரி. கண் முதலில் ஒப்பிடுவது அதைத்தான்.

ரோஸ் ஹில் குடும்பத்துக்குக் கொடுத்த மாதிரியில் பெயர் திருத்திய எக்ஸ்ட்ராபோல்டில் இருக்கிறது, தமிழ் மேலே, இலத்தீன் கீழே, இரண்டும் ஒரே குடும்பத்து எழுத்தில். காய்னியை முழுவதும் தள்ளிவிடவும் இல்லை: காவடிப் பந்தலின் துணிப் பதாகைக்கு, இரண்டடி உயரத்தில் ‘ஊறுகாய்’ என்ற ஒரே சொல் மட்டும் வருவதால், இளையவர்கள் விருப்பப்படி அங்கே அதையே வைக்கலாம் என்று விட்டிருக்கிறேன். அந்த அளவில் எந்தச் சுழியும் அடையாது. லேபிளை அச்சுக்கு அனுப்பும் முன், உண்மையான அளவில் ஒரு பிரதி எடுத்து, புட்டியில் சுற்றி, பள்ளியோடு தமிழை விட்டுவிட்ட ஒருவரிடம் அலமாரித் தூரத்திலிருந்து காட்டி வாசிக்கச் சொல்லுங்கள் என்பதுதான் அவர்களிடம் மிச்சம் வைத்த வேலை. ‘காரம்’ என்ற இடத்தில் அவர் தடுமாறினால், ‘ர’வின் காலை இன்னும் ஒரு நூல் நீட்ட வேண்டும்.